சந்தைக்கு மைக் கட்டிய தாவீது

அறுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், ஒரே வாரத்துக்குள், காஞ்சிபுரத்திலிருந்து உலகம் மூன்று திசையில் புறப்பட்டுப் போனது. மூன்றையும் ஊரெல்லாம் கேட்கும்படி செய்தவன் ஒரே ஆள்தான். பெயர் தாவீது. மைக் செட் வாடகைக்கு விடுகிறவன்.

முதல் கூட்டம் பிள்ளையார்பாளையத்தில், நெசவாளர் சங்கத்துக்காரர்கள் போட்டது. மேடையில் நின்றவர், "வரலாற்றுச் சக்கரம் முன்னோக்கித்தான் சுழலும்! இந்த வியாபாரச் சமுதாயம் நடுவில் வருகிற ஒரு படிக்கட்டு. அதையும் மிதித்து மனிதன் மேலே ஏறியே தீருவான்!" என்று முழங்கினார். வேப்பமரக் கிளையில் உட்கார்ந்து குழாய் ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்த தாவீதுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மரத்தின்மேல் இருந்தபடியே கை தட்டினான்.

அடுத்தது காந்தி ரோட்டில், வியாபாரிகள் ஆண்டு விழா. ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட ஒருவர் பேசினார். "ராஜா கத்தியைத் தூக்கிக்கொண்டு போனான், ஊர் அழிந்தது. வியாபாரி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான், ஊர் பிறந்தது. விற்கிறவனும் வாங்குகிறவனும் வெட்டிக்கொள்ள முடியாது ஐயா! நாளைக்கும் ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் விழிக்கவேண்டும்!" அதுவும் தாவீதுக்கு நியாயமாகப் பட்டது. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று கை தட்டினான்.

வெள்ளிக்கிழமை சின்ன காஞ்சிபுரத்தில் உபந்நியாசம். "கலி முற்றிக்கொண்டு வருகிறது. எல்லாம் விலைக்கு வந்துவிட்டது. பாருங்கள், ஒரு நாள் குடிக்கிற தண்ணீரையும் கடையில் விற்பான்!" என்றார் பாகவதர். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாவீது சிரிக்கவில்லை. இந்த மனுஷர் சொல்வதிலும் ஏதோ இருக்கிறதே என்று வாயைப் பிளந்து நின்றான்.

வீட்டுக்கு வந்து மனைவி சம்பூர்ணத்திடம் மூன்றையும் நடித்தே காட்டினான். அவள் பட்டுச் சேலை முந்தானைக்குக் குஞ்சம் முடிந்துகொண்டிருந்தாள். கடைக்காரர்கள் கொடுத்தனுப்புவார்கள்; அதுதான் அவள் வேலை.

"அப்ப உலகம் மேல போவுதா, கீழ போவுதா?" என்றாள்.

"அதான் தெரியல."

"மூணு பேருக்கும் கை தட்டிட்டு வந்தியா?"

"ரெண்டு பேருக்கு. சாமி பேச்சுக்குக் கை தட்டக் கூடாதாமே."

சம்பூர்ணம் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். "ஊருக்கெல்லாம் வாய் குடுக்கிற. உனக்குன்னு ஒரு வாய் இல்ல."

இந்தப் பேச்சு அவனை உறுத்தவில்லை, கிளப்பிவிட்டது. தாவீது அப்படிப்பட்ட ஆள். எதைச் சொன்னாலும் அதை வண்டி ஏறி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் அவனுக்கு.

அவன் பிறந்தது முசரவாக்கத்தில். அப்பா வீராசாமி நிலமில்லாதவர். கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் வைத்தாரே தவிர, தன் பெயரையும் வேலையையும் மாற்றிக்கொள்ள முடியவில்லை. பொழுது விடிந்தால் பண்ணைக்குப் போவார். அறுப்பு முடிந்தால் நெல் அளந்து போடுவார்கள். என்ன வேலை, எவ்வளவு நேரம், எவ்வளவு நெல் என்று அவரை யாரும் கேட்டதில்லை. அவரும் யாரையும் கேட்டதில்லை.

மீசை முளைக்கிற வயதில் தாவீது முதல்முறையாகத் தனியே காஞ்சிபுரம் வந்தான். பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு சோடாக் கடை. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு இன்னாபா வேணும்?" என்றார். அதுவரை தாவீதைப் பார்த்து எல்லாரும் இதைச் செய், அங்கே நில், தள்ளிப் போ என்றுதான் சொல்லியிருந்தார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு பெரிய மனிதர் கேட்டது அன்றைக்குத்தான். பன்னீர் சோடாவா, கலரா என்பதைத் தீர்மானிக்கும் அந்த ஒரு நிமிஷம் தலை கிறுகிறுத்ததாம். "சோடா உள்ள எறங்கறதுக்கு முன்னாடியே ஏப்பம் வந்துருச்சு" என்று பின்னாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அன்றே ஊரை விட்டான். கோதண்டபாணி என்பவரின் ரேடியோ செட் கடையில் குழாய் தூக்கச் சேர்ந்தான். ஒயரும் வால்வும் அவனுக்கு விளையாட்டுப்போல் வந்தன. கோதண்டபாணிக்குக் கண் மங்கியபோது பழைய செட்டை அவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு மகளோடு வேலூர் போய்விட்டார்.

ஆகவே வியாபாரம் மனிதனை விடுதலை செய்யும் என்று மேடையில் யார் சொன்னாலும் தாவீதுக்கு அந்தச் சோடா நாக்கில் தித்திக்கும். ஆனால் கல்யாணமான புதிதில் வீடு தேடியபோது, முன்பணம் நீட்டிய கையைத் தொடாமலே, "எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்ட வீட்டுக்காரர்களும் நினைவுக்கு வருவார்கள். கடையில் வேண்டாத கேள்வி வீட்டு வாசலில் எப்படி முளைக்கிறது? அதே காசுதானே? கடைசியில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் ஓட்டு வீடு கிடைத்தது. இந்த முடிச்சு அவனுக்கு அவிழவே இல்லை.

மூன்று பேச்சையும் வீட்டில் நடித்துக் காட்டிய மறுநாள், அன்று மேடையில் முழங்கிய சங்கத்துத் தோழர் தேவசகாயத்தை டீக்கடையில் பிடித்தான். தறி நெய்கிறவர், வெற்றிலை போட்ட வாயோடு மணிக்கணக்கில் பேசுவார்.

"தோழரே, சக்கரம் முன்னாடி போவுதுன்னீங்களே. அதை யாரு ஓட்டறது?"

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறார். இப்படி ஒருவரும் கேட்டதில்லை. "உக்காரு தாவீது, உக்காரு" என்று பெஞ்சில் இடம் விட்டார். "உழைக்கிறவன் ஓட்டறான். அவனுக்கே அது தெரியாது. தெரியற அன்னிக்கு வேகம் புடிக்கும்."

"அப்ப வியாபாரி?"

"அவன் சக்கரத்துக்கு எண்ணெய் போடறான். போட்டுட்டு வண்டியே என்னுதுங்கறான்."

பக்கத்து பெஞ்சில் டீயை ஆற்றிக்கொண்டிருந்த வேணுகோபால் நாயுடு துள்ளித் திரும்பினார். வேகவதி ஆற்றங்கரை மைதானத்தில் செவ்வாய்க்கிழமை கூடும் சந்தை அவர் குத்தகையில் இருந்தது. "ஏமய்யா, எண்ணெய் இல்லேன்னா சக்கரம் கிறீச்சுனு நிக்கும் தெரியுமா? சந்தை இல்லேன்னா நீ நெய்யற சேலைய நீயே கட்டிக்கோ!"

டீக்கடையே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆளுக்கு ஆள் கத்தினார்கள். அந்தக் கூச்சலின் நடுவே தாவீதுக்குள் ஒன்று பளிச்சென்று எரிந்தது. மேடையில் ஏறினவன் பேசுவான், கீழே இருப்பவன் கேட்பான்; இத்தனை வருஷம் அவன் கட்டியது அதற்குத்தான். இங்கே பேசுகிறவன்தான் கேட்கிறான், கேட்கிறவன்தான் பேசுகிறான்! இதற்கு ஒரு மைக் கட்டினால்?

"நாயுடுகாரு, செவ்வாய்க்கிழமை சந்தையில என் மைக்க வெக்கறேன். வாடகை வேணாம். உங்க கொட்டகையிலேருந்து கரண்டு மட்டும் குடுங்க. எவன் வேணாலும் பேசலாம். உலகம் எங்க போவுதுன்னு ஜனங்களே சொல்லட்டும்."

"கூட்டம் வருமா?"

"வரும்."

"கூட்டம் வந்தா சரக்கு போகும். வெச்சுக்கோ" என்றார் வேணுகோபால். போலீஸ் ஸ்டேஷன் அனுமதியையும் அவரே வாங்கிக் கொடுத்தார். தேவசகாயம் ஒரு கரும்பலகை கொண்டுவந்து, "வியாபாரம் மனிதனை மனிதன் ஆக்குகிறதா, சரக்கு ஆக்குகிறதா?" என்று அழகான எழுத்தில் எழுதிப் புளியமரத்தில் சாய்த்து வைத்தார்.

முதல் செவ்வாய்க்கிழமை படுதோல்வி. மூட்டைப்பூச்சி மருந்து விற்கிறவர் மைக்கைப் பிடித்தால் விடுவேனா என்றார். யாரோ தொலைந்துபோன ஆட்டுக்கு அடையாளம் சொன்னார்கள். கரும்பலகையை எல்லாரும் வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"கேள்விய சாமான் மாதிரி கூவி வித்தாதான் போவும்" என்றாள் சம்பூர்ணம். அடுத்த வாரம் குஞ்சம் முடிகிற வேலையைத் தூக்கிக்கொண்டு அவளே புளியமரத்தடிக்கு வந்துவிட்டாள். மைக்கை வாங்கி, "இங்க பாருங்கம்மா, இங்க பாருங்கப்பா! உங்க ஊர்ல உங்கள எப்படிக் கூப்புடறாங்க? சந்தையில எப்படிக் கூப்புடறாங்க? ரெண்டும் ஒண்ணா? வந்து சொல்லுங்க!" என்று கூவினாள்.

அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி வந்தார்கள். ஒரு தறிக்காரர் வந்தார். "நான் நெய்ஞ்ச சேலைய நான் வாழ்நாள்ல தொட்டுப் பாக்க முடியாத வீட்டுப் பொண்ணு கட்டிக்கினு போவுது. சேலைக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல. ஆனா அந்தச் சேலை இல்லேன்னா எனக்குச் சோறும் இல்ல. இதுல எது சரி எது தப்புன்னு யாராவது சொல்லுங்கப்பா" என்றார். கமலவேணி என்ற வளையல்காரி, "சாதி கேட்டா வளையல் போடறேன்? கை அளவுதான் கேக்கறேன்" என்றாள். கை தட்டல் ஆற்றங்கரை வரை கேட்டது. தாவீது வால்யூம் குமிழைத் திருகிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, ஒவ்வொரு பேச்சுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் செட்டில் இப்படிப்பட்ட குரல்கள் பாய்ந்ததே இல்லை.

இது ஊரில் பரவியது. மாகறலிலிருந்தும் தாமலிலிருந்தும் சாமான் வாங்குகிற சாக்கில் பேச்சுக் கேட்க வந்தார்கள். வேணுகோபால் நெல் மூட்டைமேல் உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டார். அவர் கணக்குத் தப்பவில்லை. சந்தை நிரம்பி வழிந்தது.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை பொன்னியம்மாள் வந்து மைக் முன்னால் நின்றாள். காஞ்சிபுரத்துக்கு வெளியே, ஓர் ஏரிக்கு அப்பாலுள்ள சிற்றூர்க்காரி. அங்கே காலனியில் வீடு. ஊர்க்காரர்களின் தோட்டத்தில் கத்திரிக்காயும் அவரையும் வாங்கிக் கூடையில் சுமந்துவந்து சந்தையில் விற்கிறவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கூவிக் கூவிப் பழகிய தொண்டையால் பேசினாள்.

"எங்க ஊர்ல ஒரு பெரிய மனுஷரு. தெருவுல என்னப் பாத்தா 'ஏய்'ம்பாரு. நான் ஓரமா ஒதுங்கி நிப்பேன். அதே மனுஷரு இங்க சந்தைக்கு வருவாரு. ரெண்டு கடை தள்ளி அவரைக்கா வெலை ஜாஸ்தியா இருக்கும். நம்ம கடைக்கு வந்து, 'இன்னாம்மா, போட்டுக் குடும்மா'ம்பாரு. நானும் 'எடுத்துக்கோய்யா'ன்னு போட்டுக் குடுப்பேன். வெளையாட்டு இல்ல, எனக்கு ஒண்ணு தெரியணும். இங்கேருந்து ஊருக்குப் போற வழியில அந்த 'அம்மா' எங்க எறங்கிப் பூடுது?"

கூட்டத்திலிருந்து எழுந்தது பாருங்கள் ஒரு ஆரவாரம்! தேவசகாயம் துண்டை எடுத்துத் தலைக்குமேல் சுழற்றினார். தாவீதுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சோடாக் கடையும் வீட்டு வாசலும் அவன் நெஞ்சில் போட்டிருந்த முடிச்சை இவள் ஒரே கேள்வியில் தூக்கி எல்லார் நடுவிலும் போட்டுவிட்டாள்!

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. முகம் சிவந்திருந்தது. மைக்கைப் பிடுங்கினார்.

"நான்தான்டா அது! சீனிவாசன்! இவ ஊர்தான் நானும். எங்க அப்பா காலத்துலேருந்து அப்படித்தான் கூப்புடறோம். அதுக்கு இன்னா இப்போ? அத சந்தையில வெச்சி மைக்ல சொல்லணுமா?"

பொன்னியம்மாள் நிதானமாகச் சொன்னாள். "நான் யாரு பேரையும் சொல்லலியே ஐயா. நீங்கதான் சொல்லிட்டீங்க."

சிரிப்பு வெடித்தது. வளையல்காரி கமலவேணி தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். சீனிவாசனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"சிரிக்கிறீங்களா? நல்லா சிரிங்க! நான் வெயில்ல காஞ்சி வேர்க்கடலை மூட்டை கொண்டாரேன். மண்டியில எனக்கு இன்னா பேரு தெரியுமா? 'டேய் கடலை, அந்தாண்ட நில்லுடா'. என் பேர ஒருத்தன் கேட்டதில்ல! என் வயசுக்கு…"

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கே கேட்டது போலிருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. மைக்கைத் தாவீது கையில் திணித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கூட்டத்தைத் தாண்டிப் போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பொன்னியம்மாள் கடை போடுகிற இடம் காலியாகக் கிடந்தது.

தாவீதுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மைக்கைத் தேவசகாயத்திடம் விட்டுவிட்டு, சம்பூர்ணத்தை சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு, எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனான். பொன்னியம்மாள் வீட்டு வாசலில் காலிக் கூடையைச் சாணம் போட்டு மெழுகிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல பேசி வெச்சிட்டாங்க தம்பி. என் கூடைக்கு யாரும் காய் போடக் கூடாதாம். நான் வந்து மன்னிப்புக் கேட்டா பாக்கலாமாம்."

தாவீது தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "என்னாலதான்க்கா. இந்த மைக்கே வேணாம். இன்னியோட அவுத்துடறேன்."

பொன்னியம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "அவுத்துப் பாரு! நான் ஏதோ பொய் சொல்லி மாட்டிக்கினேன்னு ஆவும். நான் பேசினது பேசினதுதான். மைக்கு அங்கியே இருக்கட்டும். நானும் வருவேன்."

"காய் இல்லாம எப்படிக்கா?"

"அத நான் பாத்துக்கறேன். நீ ஒயரப் பாரு."

திரும்பி வரும்போது சம்பூர்ணம் கேரியரிலிருந்து அவன் முதுகைத் தட்டினாள். "அதுக்கு இருக்கிற தைரியத்துல கால்வாசி இருந்தா நீ மைக்ல பேசியிருப்ப." தாவீது வேகமாக மிதித்தான். வெட்கமும் உற்சாகமும் சேர்ந்து அவனைத் தள்ளிக்கொண்டு போயின.

அடுத்த செவ்வாய்க்கிழமை வரும்வரை தேவசகாயமும் வேணுகோபாலும் டீக்கடையில் அடித்துக்கொள்ளாத குறை.

"பாத்தியா உன் வியாபாரத்தை? கூடைக்குக் காய் போடாதேன்னா எல்லாம் முடிஞ்சுது! வெலை போடறவன் கையிலதான் கயிறு இருக்குது. நாங்க சங்கத்துலேருந்து ஊர்வலமா போவோம்!" என்றார் தேவசகாயம்.

"ஊர்வலம் எதுக்கய்யா? பங்குனி வெயில். கத்திரிக்காய் செடியில எத்தன நாள் தாங்கும்? பொறுத்துப் பாரு. ரோஷம் முத்தறதுக்கு முன்னாடி காய் முத்தும்" என்றார் வேணுகோபால்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியும்போதே மைதானம் நிறைந்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் கொடியோடு ஒரு பக்கம் நின்றார்கள். மைக்கில் யாரும் பேசவில்லை. எல்லார் கண்ணும் ரோட்டில் இருந்தது. தாவீது புளியமரத்தின்மேல் ஏறிக் குழாயைச் சரிபண்ணுவது போல் நடித்துக்கொண்டே தூரத்தைப் பார்த்தான். முதல் பஸ் வந்தது; அவள் இல்லை. வெயில் ஏறியது. இரண்டாவது பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மேலே கட்டியிருந்த கூடையைக் கண்டக்டர் இறக்கினார். அடுத்து இன்னொரு கூடை. இன்னும் ஒன்று! பொன்னியம்மாள் இறங்கினாள். அவள் பின்னாலேயே, காதில் கம்மல் மின்ன, நடுத்தர வயதில் ஒரு பெண் இறங்கினாள்.

"யாரது?" என்று கீழே இருந்து கத்தினார்கள்.

கூட்டத்தில் அந்த ஊரைத் தெரிந்த ஒருவர் அடையாளம் சொன்னார். "அட, அது சீனிவாசன் வூட்டம்மா! ஜெயம்மாள்!"

தாவீது மரத்திலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கினான். முழங்கைத் தோல் உரிந்ததுகூடத் தெரியவில்லை. ஜெயம்மாளுக்கு மைக் என்றால் பயம். கிட்டே போகாமல் தள்ளி நின்றே பேசினாள். தாவீது மைக் தாங்கியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"செடியில காய் முத்திக்கினு நிக்குது. ஆம்பளைங்க ரோஷத்த வெச்சிக்கினு உக்காந்துட்டாங்க. ரோஷத்தயா கூடையில கொட்டி விப்பேன்? நானே பறிச்சேன், நானே போட்டேன்." சற்று நிறுத்தி, தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "இன்னொண்ணும் இருக்குது. வூட்ல ரெண்டு வாரமா இதே பேச்சு. அவரு மண்டியில அப்படிக் கூப்புடறாங்கன்னு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. மைக்ல சொன்னாருன்னு ஊர்ல சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தாளு சோறு எறங்காம படுத்துட்டாரு. 'பொன்னி சொன்னது பொய்யா?'ன்னு கேட்டேன். பதில் வரல. அதான் வந்தேன்."

மைதானம் அதிர்ந்தது. தேவசகாயம் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். "பார்த்தீர்களா! தலை நிமிர்ந்து நின்றாள் ஒருத்தி, கட்டுப்பாடு உடைந்தது! வரலாறு இப்படித்தான் நகர்கிறது!" வேணுகோபால் மூட்டையிலிருந்து குதித்து மறுபக்கம் பிடித்தார். "இல்ல, இல்ல! கத்திரிக்காய்! கத்திரிக்காய்தான் நகர்த்துச்சு! அந்தம்மா வாயாலயே சொல்லிச்சு, கேட்டீங்களா?" ஒரே மைக்கை இரண்டு பெரியவர்களும் இழுத்ததில் தாங்கி சாய்ந்தது.

தாவீது போய் அதைப் பிடித்தான். நிமிர்த்தினான். நிமிர்த்தியவன் கையை எடுக்கவில்லை.

சம்பூர்ணம் குஞ்சத்தைக் கீழே வைத்தாள்.

"நான் தாவீது" என்றான். மைக்குக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றுவிட்டான் போலிருக்கிறது. குழாய் வீலென்று அலறியது. ஊருக்கெல்லாம் எவ்வளவு தூரம் நிற்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவனுக்கே இப்படி ஆனதும் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான். பயம் போய்விட்டது.

"ரெண்டு பேரு சொல்றதயும் நான் மரத்து மேல உக்காந்து கேட்டவன். ரெண்டுத்துக்கும் கை தட்டினவன். காஞ்சிபுரத்துல ஒரு கடைக்காரரு என்ன முதல்ல மனுஷனா பாத்து, இன்னா வேணும்னு கேட்டாரு. அது காசாலதான். பொய் சொல்ல மாட்டேன். ஆனா காசு அந்தக் கடையோட நின்னுடுச்சு. என்கூட வீடு பாக்க வரல. பொன்னியக்கா ஊருக்கும் போவல. அதுக்கு அக்காவே பேச வேண்டியிருந்துச்சு. பேசினதும் கூடை காலியாச்சு. அப்புறம் காய் முத்திச்சு. காய் முத்தினா மட்டும் இந்தம்மா வந்திருக்குமா? வேற யாருக்காவது போட்டிருக்கலாமே! வூட்டுக்காரரப் பாத்துக் கேள்வி கேட்டுட்டு வந்துச்சே, அது எங்கேருந்து வந்துச்சு?" மூச்சு வாங்கினான். "சக்கரம் தானா முன்னாடி போவும்னு தோழர் சொல்றாரு. சந்தையே எல்லாத்தயும் சரி பண்ணிடும்னு நாயுடுகாரு சொல்றாரு. கலி முத்துதுன்னு அந்தப் பக்கம் சொல்றாங்க. மூணு பேரும் அது தானா நடக்கும்ங்கறாங்க! எனக்கு அதான் ஒத்துக்கல. இன்னிக்கு எதுவும் தானா நடக்கல. ரெண்டு பொம்பளைங்க பஸ் ஏறி வந்தாங்க. எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா போவுது. என் கண்ணால பாத்தேன்!"

கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். யாரோ அவனைத் தூக்கவே வந்துவிட்டார்கள். பொன்னியம்மாளின் குரல்தான் அதற்கெல்லாம் மேலே கேட்டது. "நல்லா பேசின தம்பி! அது கெடக்கட்டும், மூணு கூடை காய் வாடிக்கினு இருக்குது. வாங்கறவங்க யாரு?"

சந்தை கலைவதற்கு முன்பே மூன்று கூடையும் காலி.

இதோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொன்னால் அது கதை. சீனிவாசன் கடைசி வரை பொன்னியம்மாளை ஊருக்குள் 'அம்மா' என்று கூப்பிடவில்லை. ஆனால் 'ஏய்' நின்றுபோனது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் எதுவும் சொல்லாமலே பேச்சை நடுவிலிருந்து தொடங்குவார். "கூடை நாளைக்கு வருமா?" என்பார், கிணற்றைப் பார்த்துக்கொண்டு. "ஒண்ணு போச்சு, இன்னொண்ணு இன்னும் வரல. மனுஷன் நடுவுல தத்தளிக்கிறாரு" என்று பொன்னியம்மாள் சிரிப்பாள். தாவீது இதைக் கேட்டு நாளெல்லாம் குதித்தான். தேவசகாயத்திடம் ஓடிப்போய், "தோழரே, வரலாறு இப்ப கிணத்தப் பாத்துக்கினு பேசுது!" என்றான். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

எழுபத்திரண்டில் வேணுகோபாலின் குத்தகை முடிந்தது. புதிதாக எடுத்தவர் மைக் வேண்டாம் என்றுவிட்டார். அதற்குள் பொன்னியம்மாள் காஞ்சிபுரம் மார்க்கெட்டிலேயே கடை பிடித்துவிட்டாள். ஜெயம்மாள் வீட்டுக் காய் நேராக அங்கே இறங்கியது. தாவீதுக்கு ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் வீடு கிடைக்கவே இல்லை. இரண்டு முறை போய்க் கேட்டான். இரண்டு முறையும் அதே பழைய கேள்வி. "அதுக்கும் ஒரு நாள் மைக் கட்டறேன் பாரு" என்று சம்பூர்ணத்திடம் சொல்லிக்கொண்டு திரும்பினான். சோர்ந்து உட்காரத் தெரியாத மனிதன்.

அதற்கு அடுத்து வந்த தை மாதம், தாமலிலிருந்து இரண்டு பேர் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். ஏரி நிரம்பியிருக்கிறதாம், கரையில் பெரிய கூட்டம் கூடப்போகிறதாம்.

"பாட்டு செட்டுதானே? ரெக்கார்டு எடுத்துக்கட்டுமா?" என்றான் தாவீது.

"பாட்டு வேணாம்பா. அந்தப் பேசற மைக்கு வேணும். மதகுத் தண்ணிய யாருக்கு முதல்ல விடறதுன்னு எங்க ஊர்ல நாலு வருஷமா யாரும் வாய் தொறந்து பேசல. வந்து கட்டு."

தாவீது சட்டையைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. குழாய்களைத் தூக்கி வண்டியில் வைக்கத் தொடங்கினான். சம்பூர்ணம் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, ஒயர்ச் சுருள்மேல் ஏறி உட்கார்ந்தாள். "ஓட்டுப்பா" என்றாள் வண்டிக்காரனிடம், தாவீது இன்னும் கடைசிக் குழாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே.